50-ஐ 40 ஆக்குனா என்ன பெருசா மாறிடும்? ரோட்டு வேக வரம்பு பத்தி ஒரு எளிய விளக்கம்

சிங்கப்பூர்ல எச்டிபி பேட்டைக்குள்ள, அதாவது அரசு கட்டுன அடுக்குமாடி வீடுங்க இருக்குற இடத்துல, ஒரு ரோட்ல வேக வரம்பு மணிக்கு 50 கிமீன்னு இருந்தத 40 ஆக்கிட்டா போதும், ப்ளாக் வாட்ஸ்அப் குரூப்ல உடனே ரெண்டு கட்சி கிளம்பிடும். ஒரு கட்சி "ஏற்கனவே ஒவ்வொரு சிக்னல்லயும் நின்னு நின்னுதான் போறோம், இதுல இது வேறயா லா"ங்கும். இன்னொரு கட்சி "40 பத்தாது, 30 போடுங்க, அப்பதான் அடங்குவாங்க"ன்னு நிக்கும். ரெண்டு பேரும் போர்டைப் பாத்துதான் சண்டை போடுறாங்க, ஆனா ஆளைக் காப்பாத்துறது போர்டு இல்ல, வண்டி நெசமா என்ன வேகத்துல வருதுங்கறதுதான். இத ரெண்டையும் தனித்தனியா பாத்தாலே பாதிக் குழப்பம் போயிடும்.

முதல்ல வேகத்தைப் பாப்போம். கார் ஓட்டுறவர் எதையோ பாத்து பயந்து பிரேக் அடிக்கிறாருன்னா அதுல ரெண்டு கட்டம் இருக்கு. கண்ணு பாத்து, மூளைக்குப் புரிஞ்சு, கால் ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து பிரேக்குக்கு மாறுற வரைக்கும் ஒரு கட்டம், அந்த நேரத்துல கார் கொஞ்சம்கூட வேகம் குறையாம அப்படியே ஓடிக்கிட்டு இருக்கும். அதுக்கப்புறம்தான் பிரேக் பிடிச்சு நிக்கிற கட்டம். முதல் கட்டத்துக்கு ஒன்றரை செகண்ட்னு வச்சுக்குவோம், இது ஒண்ணும் சோம்பேறி டிரைவருக்கான கணக்கு இல்ல, சாதாரணமா கவனமா ஓட்டுறவருக்கே ஆகுற நேரம்தான். ஹேண்ட்போனைப் பாத்துக்கிட்டு ஓட்டுறவருக்கு இன்னும் கூட ஆகும்.

50-ல போற கார் அந்த ஒன்றரை செகண்ட்ல மட்டும் கிட்டத்தட்ட 21 மீட்டர் ஓடிடும். காஞ்ச ரோட்ல நல்ல பிரேக்கா இருந்தா அதுக்கப்புறம் நிக்க இன்னொரு 14 மீட்டர் வேணும், ஆக மொத்தம் 35. 40-ல போற காருக்கு 17-உம் 9-உம் சேத்து 26 மீட்டர் போதும். 30-ல போனா எல்லாம் சேத்தே பதினேழரை, பதினெட்டு மீட்டர்தான். நம்ம ஊர்ல ஓடுற ஒத்த மாடி பஸ்ஸு 12 மீட்டர் நீளம், அத ஒரு அளவுகோலா மனசுல வச்சுக்குங்க.

இப்ப பஸ் ஸ்டாப்புல ஒரு பஸ் நிக்குது, அதுக்கு முன்னாடிலேர்ந்து மார்க்கெட் டிராலிய இழுத்துக்கிட்டு ஒரு பாட்டி ரோட்ல கால வைக்கிறாங்க, வண்டி வருதான்னு பஸ் மறைக்குது, பாட்டிக்கும் தெரியல, கார்காரருக்கும் தெரியல. ரெண்டு கார் பக்கத்துப் பக்கத்து லேன்ல ஒண்ணா வருது, ஒண்ணு 40, ஒண்ணு 50, ரெண்டு பேரும் பாட்டியை ஒரே நேரத்துல, 26 மீட்டர் தூரத்துல பாக்குறாங்க. 40-ல வந்த கார் பாட்டி கிட்ட வந்து நின்னுடும், திட்டு விழும், அவ்ளோதான். 50-ல வந்தவரு பிரேக்ல கால வைக்கும்போதே 21 மீட்டர் போயிருக்கும், மிச்சம் இருக்குறது அஞ்சு மீட்டர். அந்த அஞ்சு மீட்டர்ல கார் எவ்ளோ வேகம் குறையும்னு கணக்குப் போட்டா, பாட்டி மேல இடிக்கும்போது வேகம் 40. அதாவது ஒரு கார் முழுசா நின்ன இடத்துல இன்னொரு கார் 40-ல மோதுது. "10 கிமீ தானே"ங்கறவங்க யாரும் இத எதிர்பாக்க மாட்டாங்க, இடிக்கும்போதும் வித்தியாசம் 10 தான் இருக்கும்னு நெனைப்பாங்க.

அதே பாட்டி 18 மீட்டர் தூரத்துல வந்தா? 30-ல வர்ற கார் நின்னுடும். 40-ல வர்ற கார் அப்பதான் பிரேக்கைத் தொட்டிருக்கும், 37, 38-ல இடிக்கும். 50-ல வர்றவரு பிரேக்கைத் தொடவே இல்ல, வந்த வேகம் அப்படியே. அதனாலதான் ஆளுங்க திடீர்னு குறுக்க வரக்கூடிய ரோட்டுக்கு உலகம் பூரா 30, 30-ன்னு பேசுறாங்க. நம்ம ஊர் மழைல ரோடு ஈரமா இருந்தா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் எல்லாருக்கும் கூடும், வேகமா வர்றவருக்கு இன்னும் அதிகமாவே கூடும்.

அடுத்து அடி. வேகம் ரெட்டிப்பானா மோதுற சக்தி நாலு மடங்கு ஆகும், ஸ்கூல்ல படிச்சதுதான். 40-லேர்ந்து 50 ஆகும்போது வேகம் கூடுறது கால் பங்கு, சக்தி கூடுறது பாதிக்கும் மேல, 56 சதவீதம். இத எச்டிபி மாடி கணக்குல சொன்னா சட்டுனு புரியும்: 30-ல இடி வாங்குறது ஒரு மாடிக்குக் கொஞ்சம் மேலேர்ந்து விழுற மாதிரி, 40-ல ரெண்டு மாடிக்கு மேல, 50-ல மூணரை மாடி.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா நெட்டுல இது தப்பாவே சுத்துது. "50-ல இடிச்சா பத்துல எட்டு பேர் செத்துடுவாங்க"ன்னு பழைய போஸ்டர், வீடியோவெல்லாம் பாத்திருப்பீங்க. அது 1970-கள்ல சேத்த தரவுலேர்ந்து வந்தது, அதுல பெரிய விபத்துங்கதான் அதிகமா பதிவாகியிருந்துச்சு, லேசா அடிபட்டு எழுந்து போனவங்க கணக்குல சரியா வரல, அதனால சாவு விகிதம் பயங்கரமா தெரிஞ்சுது. 2009-ல ஜெர்மனி விபத்துத் தரவை வச்சு அந்தக் குறையச் சரி பண்ணிப் பாத்தப்போ, 50-ல இடிபட்ட பெரியவங்கள்ல சாகுறது பத்துல ஒருத்தருக்கும் கீழதான்னு வந்துச்சு. அப்ப பயப்பட வேண்டாமான்னு கேட்டா, அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு: 50-ல சாகுற வாய்ப்பு 40-ல இருக்குறத விட ரெண்டு மடங்குக்கு மேல, 30-ல இருக்குறத விட அஞ்சு மடங்குக்கு மேல. போஸ்டர் சொன்ன எண்ணு தப்பு, போஸ்டர் காட்டுன திசை சரி. இன்னொண்ணு, இதெல்லாம் இடிக்கிற நேரத்துல இருக்குற வேகம், ஓட்டுற வேகம் இல்ல. மேல பாட்டி கதைல பாத்த மாதிரி, ஓட்டுற வேகத்தைக் கொஞ்சம் குறைச்சாலே இடிக்கிற வேகம் நெறைய குறைஞ்சுடும், சில சமயம் இடிக்கவே இடிக்காது. அதோட வயசானவங்க உடம்பு அதே அடியத் தாங்காது, 30 வயசுக்காரருக்குக் காலு ஒடையுற அடி 75 வயசுக்காரரை ஐசியூல படுக்க வச்சுடும். சிங்கப்பூர்ல நடந்து போகும்போது விபத்துல சாகுறவங்கள்ல பெரும்பங்கு மூத்தவங்கதாங்கறதையும் இதோட சேத்துப் பாருங்க.

ஒரு ஆளு, ஒரு காருன்னு இல்லாம ஒரு நாட்டு ரோடு மொத்தமும் எடுத்தா? ஸ்வீடன்ல யோரான் நில்சன்னு ஒருத்தர் வேகவரம்பு மாறுன ரோடுகளையெல்லாம் பல வருஷம் பாத்து ஒரு கணக்கு சொன்னாரு, உலக சுகாதார நிறுவனம் வரைக்கும் இன்னிக்கும் அதத்தான் சொல்றாங்க. சராசரி வேகம் 1 சதவீதம் கூடுனா, உயிர் போற விபத்து 4 சதவீதம் பக்கம் கூடும். குறைஞ்சா அதே மாதிரி குறையும். 50-ல ஓடுற ரோட்ல சராசரி வெறும் ரெண்டரை கிமீ குறைஞ்சா அது 5 சதவீதம், சாவு கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறையணும். ரெண்டரை கிமீ குறைஞ்சத ஸ்பீடோமீட்டரைப் பாத்துக்கிட்டு ஓட்டுறவருக்கே சரியா தெரியாது.

அந்த "சராசரி வேகம்"ங்கறதுலதான் எல்லாம் இருக்கு. கணக்குல வர்றது வண்டிங்க ஓடுற வேகம், போர்டுல எழுதுன எண்ணு இல்ல. 40-ன்னு போர்டு மாட்டிட்டு ஜனங்க பழையபடி 52-ல போனா பாட்டிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

இத வெளிநாட்டுல நல்லாவே சோதிச்சுப் பாத்துட்டாங்க. வட அயர்லாந்துல பெல்ஃபாஸ்ட் சிட்டி சென்டர்ல 2016-ல மணிக்கு 20 மைல்னு, அதாவது 32 கிமீ, வரம்பு போட்டாங்க, பெரும்பாலும் போர்டு மட்டும்தான், வேற ஒண்ணும் கட்டல. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா சராசரி வேகம் குறைஞ்சது 0.2 மைல். விபத்துலயும் சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்ல. இத வச்சுதான் "பாத்தீங்களா, வேக வரம்பெல்லாம் சும்மா"ன்னு பேசுறவங்க பேசுவாங்க. ஆனா அங்க அது நெரிசலான சிட்டி சென்டர், ஏற்கனவே வண்டி மெதுவாத்தான் நகருது, வேகமே குறையாதப்போ விபத்து மட்டும் எப்படிக் குறையும்?

அதே 20 மைல, போர்டோட நிறுத்தாம ரோட்ல மேடு போட்டு, குறுக்கி, வளைச்சு வச்ச இடங்க லண்டன்ல இருக்கு. 1986-லேர்ந்து 2006 வரைக்குமான 20 வருஷ தரவை எடுத்துப் பாத்த ஒரு ஆய்வு 2009-ல வந்துச்சு, அந்த இடங்கள்ல அடிபட்டவங்க எண்ணிக்கை 40 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு, சின்னப் பசங்களுக்கு இன்னும் நல்ல பலன். ரெண்டு ஊர்லயும் எண்ணு ஒண்ணுதான், 20.

வேல்ஸ் இதுக்கு நடுவுல. 2023 செப்டம்பர்ல நாடு பூரா குடியிருப்பு ரோடுகளுக்கு 30 மைல்லேர்ந்து 20 மைலாக் குறைச்சாங்க, ஜனங்க கொந்தளிச்சுட்டாங்க, எதிர்ப்பு மனுவுல நாலரை லட்சத்துக்கு மேல கையெழுத்து. பெரிய அளவுல மேடெல்லாம் கட்டல, ஆனா விளம்பரம், போலீஸ், ஊர் பூராம் ஒரே விதிங்கறது எல்லாம் சேந்து வேகம் சில மைல் குறைஞ்சுச்சு. முதல் வருஷத்துலேயே அந்த மாதிரி ரோடுகள்ல அடிபட்டவங்க கால் பங்கு பக்கம் குறைஞ்சாங்க. 20-ல யாரும் ஒழுங்கா போகல, பாதிப் பேரு 24, 25-ல போனாங்கன்னு கிண்டல் பண்ணாங்க, ஆனா முன்னாடி 29-ல போனவரு இப்ப 25-ல போனா அதுவே பலன்தான். ஹெல்சிங்கியும் இப்படித்தான், பாதிக்கு மேல தெருக்கள் 30 கிமீ, அதோட கேமரா, குறுகலான தெரு, நல்ல பஸ் டிராம்னு பல வருஷ வேலை. 2025 ஜூலை வரைக்குமான 12 மாசத்துல அந்த ஊர்ல ரோட்டு விபத்துல ஒருத்தர்கூட சாகல. அதுக்கு 30 மட்டும்தான் காரணம்னு சொன்னா அது புளுகு, 30 இல்லாம நடந்திருக்கும்னு சொன்னா அதுவும் புளுகு.

நம்ம ஊருக்கு வருவோம். சிங்கப்பூர்ல வேற போர்டு இல்லாத ரோடுன்னா 50. ஸ்கூல் பக்கத்துல லைட் மின்னும்போது 40. எனக்குப் பிடிச்சது சில்வர் ஸோன், 2014-ல புக்கிட் மேரா வியூ பக்கம் தொடங்குனது, மூத்தவங்க அதிகமா இருக்குற பேட்டைகள்ல எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணையம், போட்டுக்கிட்டு வருது. அதுக்குள்ள ஓட்டிப் பாருங்க, போர்டைப் பாக்காமலே கால் தானா ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து எழும்பும். நேரா போய்க்கிட்டு இருந்த ரோடு லேசா இடதும் வலதுமா வளையும், லேன் குறுகலாயிருக்கும், நடுவுல ஒரு திட்டு இருக்கும், ஜீப்ரா கிராசிங் மேடா தூக்கி வச்சிருக்கும். அந்த நடுத் திட்டுதான் பெரிய வேலை செய்யுது: தடி ஊனிக்கிட்டு வர்ற தாத்தா ஒரு பக்கம் மட்டும் பாத்துப் பாதி ரோட்டைக் கடந்துட்டு, அங்க நின்னு மூச்சு வாங்கி, அப்புறம் அந்தப் பக்கம் பாத்து மீதியக் கடக்கலாம். ரெண்டு பக்க வண்டியையும் ஒரே நேரத்துல கணிக்க வேண்டியதில்ல. சில்வர் ஸோன் வந்த இடங்கள்ல மூத்த பாதசாரிங்க விபத்து பெரிய அளவுல குறைஞ்சிருக்கு. அதுல 40-ங்கற எண்ணுக்கு எவ்ளோ, திட்டுக்கு எவ்ளோன்னு பிரிக்கப் பாக்குறது வீண், ரெண்டும் ஒரே மருந்தோட ரெண்டு பாதி. (ஆமா, டாக்சி அங்கிள்களுக்கு அந்த வளைவு பிடிக்காது, ஏறி ஒக்காந்த ரெண்டாவது நிமிஷம் அவங்களே சொல்லுவாங்க.)

திட்டு கட்ட முடியாத பெரிய ரோட்ல கேமராதான். சிவப்பு விளக்குல போறவங்களப் பிடிக்க வச்சிருந்த கேமராவையே 2024 ஏப்ரல்லேர்ந்து படிப்படியா வேகத்தையும் பிடிக்கிற மாதிரி மாத்திட்டாங்க. 2026 ஜனவரிலேர்ந்து அபராதமும் ஏறிடுச்சு, கார்காரர் வரம்புக்கு மேல 20 கிமீக்குள்ள போனாலும் 200 வெள்ளி, 6 டீமெரிட் பாயிண்ட். ரெண்டு வருஷத்துல 24 பாயிண்ட் சேந்தா லைசன்ஸ் சஸ்பெண்ட், அதாவது நாலே நாலு "சும்மா கொஞ்சம்தான் வேகமா போனேன்" போதும். ஏன் இவ்ளோ கறார்னா, 2023-ல ரோட்ல 136 பேர் செத்தாங்க, 2024-ல 142. அதுல பாதிக்கு மேல மோட்டார்சைக்கிள் ஓட்டுனவங்களும் பின்னாடி ஒக்காந்தவங்களும். ஜோகூர்லேர்ந்து விடிகாலைல உட்லண்ட்ஸ் வழியா வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்க எத்தனை பேரு பைக்ல வர்றாங்கன்னு நெனைச்சுப் பாருங்க, அவங்களுக்கு பம்பரும் இல்ல, ஏர்பேக்கும் இல்ல.

சரி, வரம்பைக் குறைக்க வேண்டாம்ங்கறவங்க வாதத்துக்கு வருவோம், அதுல எல்லாமே வெட்டி இல்ல.

நேரம் வீணாகும்ங்கறாங்க. ஒரு கிமீ ரோட்ட 50-ல கடக்க 72 செகண்ட், 40-ல 90 செகண்ட். வித்தியாசம் 18 செகண்ட், அதுவும் நடுவுல ஒரு சிக்னல்கூட இல்லாம, முன்னாடி 50 தாண்டாத பஸ்ஸும் இல்லாம ஓட்டுனாத்தான். பேட்டை ரோட்ல அது எங்க நடக்கும்? அடுத்த சிக்னல்ல எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கப் போறோம். ஆனா இதே வாதம் எக்ஸ்பிரஸ்வேல நிஜம். 20 கிமீ தூரம் 90-ல போனா 13 நிமிஷம் சொச்சம், 70-ல போனா 17 நிமிஷம், தினம் ரெண்டு வேளை, லட்சக்கணக்கான பேரு. அங்க யாரும் நடந்து கடக்கல, குறுக்குச் சந்தும் இல்ல. அதனால என்னைக் கேட்டா பேட்டை ரோட்டுக்குச் சொல்றத அப்படியே பிஐஈ மாதிரி எக்ஸ்பிரஸ்வேக்கும் சொல்றது சரியில்ல. எங்க உடம்பும் இரும்பும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்குதோ அங்கதான் 30, 40-க்கு அவ்ளோ மதிப்பு.

மெதுவா போறவங்கதான் ஆபத்துன்னு ஒரு வாதம் இருக்கு. இதுக்கு வேரு 1964-ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு, சராசரிய விட ரொம்ப வேகமா போறவங்களுக்கும் விபத்து அதிகம், ரொம்ப மெதுவா போறவங்களுக்கும் அதிகம்னு அதுல வந்துச்சு. அப்புறமா நோண்டிப் பாத்தப்போ அந்த "மெதுவா போனவங்கள்ல" நெறையப் பேரு திரும்பிக்கிட்டு இருந்தவங்க, இல்ல அப்பதான் ரோட்ல நுழைஞ்சவங்கன்னு தெரிஞ்சுச்சு. எக்ஸ்பிரஸ்வேல வலது லேன்ல 60-ல உருட்டிக்கிட்டு இருந்தா பின்னாடி வர்றவங்களுக்கு எரிச்சல் வரும், வேக வித்தியாசத்தால ஆபத்தும் வரும், மறுக்கல. ஆனா அதுக்கு மருந்து இடது லேனுக்குப் போறது.

ஜெர்மனில ஆட்டோபான்ங்கற எக்ஸ்பிரஸ்வேல லிமிட்டே இல்லையே, அங்க எல்லாரும் சாகுறாங்களான்னும் கேப்பாங்க. பாதசாரி இல்லாத, சிக்னல் இல்லாத, எதிர்ல வண்டி வராத ரோட்ட எடுத்து ஆங் மோ கியோ அவென்யூ மாதிரி நம்ம பேட்டை ரோட்டோட ஒப்பிட முடியாது. அதே ஜெர்மன்காரங்க ஊருக்குள்ள குடியிருப்புத் தெருக்கள்ல 30-ல ஓட்டுறாங்க, அத மட்டும் யாரும் மேற்கோள் காட்ட மாட்டாங்க.

கடைசியா லாரி, நம்ம தொழிலாளிங்க இன்னமும் பின்னாடி ஒக்காந்து போற விஷயம். லாரிக்கு 60-ங்கற வரம்பு எப்பவோ இருக்கு, எக்ஸ்பிரஸ்வேல 60-ல மட்டுமே போற லாரி எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். அதனாலதான் இப்ப போர்டை நம்பாம வண்டிக்குள்ளயே லிமிட்டர் மாட்டச் சொல்லிட்டாங்க, 3,500 கிலோவுக்கு மேல 12,000 கிலோ வரைக்கும் இருக்குற லாரிங்களுக்கு 2026-லேர்ந்து படிப்படியா. டிரைவர் எவ்ளோ அழுத்துனாலும் 60 தாண்டாது, அடுத்த சைட்டுக்கு சீக்கிரம் போன்னு சூப்பர்வைசர் போன்ல கத்துனாலும் தாண்டாது. எனக்குத் தெரிஞ்சு வேக வரம்பு முழுசா வேலை செய்ற ஒரே வடிவம் இதுதான், ஆனா அது பிடிக்கிறது 60-ல. அதே லாரி எக்ஸிட் எடுத்து பேட்டைக்குள்ள 40 ரோட்ல 55-ல வந்தா லிமிட்டர் சும்மாத்தான் இருக்கும். அங்க லாரிய மெதுவாக்கணும்னா ரோடு வளையணும், இல்ல மேடா ஒரு கிராசிங் வேணும். அடுத்த தடவ எம்பியப் பாக்கும்போதோ, பேட்டைக் குறைகளச் சொல்ற ஒன்சர்வீஸ் ஆப்ல எழுதும்போதோ "40 போர்டு போடுங்க"ன்னு மட்டும் கேக்காம, உங்க ப்ளாக் முன்னாடி நடுத் திட்டு ஒண்ணு வருமான்னு கேளுங்க.